திருப்பாத ஸ்டியரிங்

பின்சீட்டிலிருந்து மாரிசெல்விதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கு என்ன வயித்துவலியா? வளைவுல எல்லாம் இப்படி முனங்குது!"

அவளோடு இருந்த மற்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் காரைத் திருப்பிக்கொண்டிருந்த தாவீது ஒன்றும் சொல்லவில்லை. முன்சீட்டில் இருந்த அவர் மகள் அறிவுமதிக்குத்தான் முகம் சுருங்கியது. ஒரு கிண்டலுக்குக்கூடப் பதில் சொல்லாத ஆளாகிவிட்டாரே அப்பா என்று நினைத்தாள்.

அந்தச் சத்தம் அவளுக்குச் சில நாட்களாகவே தெரியும். நேராகப் போனால் இருக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு முனகல் எழும்; முழுக்கத் திருப்பினால் அதுவே அழுகையாகும். சத்தம் கேட்பதுதான் அவள் வேலை. கார் கம்பெனி ஒன்றில் லைன் முடிகிற இடத்தில், புது வண்டி ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிக் காது கொடுப்பாள். சுத்தமாக இருந்தால் ஓகே. ஏதாவது உறுத்தினால் 'என்ஜி', அதாவது 'நாட் குட்', பட்டனை அழுத்துவாள். என்ஜி விழுந்த வண்டி வரிசையை விட்டு விலகி ரிப்பேர் பக்கம் போகும். சரியாகித் திரும்பி வரும்.

தாவீதுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. வல்லம் வடகாலில் கம்பெனிகள் வந்தபோது மற்றவர்களுக்கு நிலம் போனது, அவருக்குக் காண்டிராக்ட் வேலை வந்தது. பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை அடித்துக் கார் கதவாக்கும் கூடம். அங்கே பக்கத்தில் நிற்பவனிடம் பேசக்கூடக் கைச்சாடைதான். அந்த இடத்தில் நின்று நின்றுதான் அவளை இன்ஜினியரிங் படிக்கவைத்தார். வேலை நின்றதும் கிடைத்ததையெல்லாம் போட்டு இந்தப் பழைய வெள்ளை டீசல் காரை வாங்கி, சிவசங்கர் என்கிற டிராவல்ஸ்காரரிடம், கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் ஷிப்ட் டிரிப் ஓட்டினார். "எம்பொண்ண நானே கேட்ல எறக்கி வுடறேன்" என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துவிட்டார். காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் அறிவுமதி நினைத்திருந்தாள். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று அவள் ஒருநாள் சமையலறையிலிருந்தே சொன்னாள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று முடிவுகட்டி, அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அவர் தோளைத் தொட்டு, "ப்பா, ஸ்டியரிங் சத்தத்த இன்னிக்கிப் பாத்துடலாம்" என்றாள்.

"பெல்ட்டா இருக்கும்மா. வேற இன்னா?"

இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் தூக்கினார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். அதன் முனையை ஸ்டியரிங் பம்பின் மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால் உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று கேட்கும்; மெக்கானிக்குகள் செய்வதுதான்.

"நீ உள்ள குந்திகினு திருப்பு. மெதுவா."

ஏறி உட்கார்ந்தாள். பானெட் நிமிர்ந்து நின்றதால் அவரைத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஆங், திருப்பு!"

அந்த நேரம் பார்த்துத் துப்பட்டா கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தாள். கை ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

"வருது... வருது பாரு. நல்லா கேக்குது. பெல்ட்டுதான், நான் சொல்லல?"

துப்பட்டாவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"இன்னும் கொஞ்சம் திருப்பு!"

வேண்டுமென்றே இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆங், அதான். அதேதான்."

பிறகு முழுக்கத் திருப்பினாள். தெருவே கேட்க வண்டி அழுதது. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது. பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் எதுவும் வரவில்லை.

"ப்பா" என்றாள். இன்னும் உரக்க, "ப்பா!"

அதற்கும் குரல் வரவில்லை.

போன மாதம் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னால் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தும் அவர் வழி விடவில்லை. ஒதுங்கிய லாரி கண்ணாடியை உரசுகிற மாதிரி போனது. "தூங்கிட்டியா?" என்று அவள் சீறினாள். அதற்கும் பதில் இல்லை. அதையும் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஊர் வண்டிக்கெல்லாம் காது கொடுக்கிறவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இதை எப்படித் தவறவிட்டாள்?

இறங்கிப் போனாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பெல்ட் மாத்துனா போதும்."

அவள் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தாள். எண்ணெய் இறங்கிக் கிடந்தது, மேலே நுரை. அங்கிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு. எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சித்தான் பம்ப் முனகியிருக்கிறது. வெடிப்பைத் தொட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். குழாயின் வெடித்த நுனியை வெட்டியெறிந்து, மீதியை இழுத்து ஏற்றி, கிளிப்பை இறுக்கினார். எண்ணெய் ஊற்றினார். அவள் ஏறி இன்ஜினை மறுபடி ஓடவிட்டு, உள்ளே இருந்த காற்று வெளியேறும்வரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். முனகல் தேய்ந்து, நின்றேபோனது.

இன்ஜினை நிறுத்தினாள். அவர் கதவருகே வந்து அவள் வாயையே பார்த்தார். "போச்சாம்மா?"

"போச்சு."

இடப்பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பழந்துணியில் கையைத் துடைத்தார். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்: "ப்பா, இனிமே நீ ஓட்டக்கூடாது."

அவர் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காது என்பதால்தான் அப்படிச் சொன்னோம் என்று புரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. முழுதாக அவர் பக்கம் திரும்பி முழங்கையைத் தொட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ப்பா. நான் திருப்பவே இல்ல."

"கண்டுகினியா" என்றார். "நல்ல காதுதான் உனக்கு."

"எத்தினி நாளா?"

"பிரஸ் ஷாப்லயே பாதி போயிட்ச்சு. மீதி அப்புறமா, கொஞ்சங்கொஞ்சமா. ஆஸ்பத்திரில காட்டினேன். மெஷின் வெச்சா எதிர்ல பேசறது கொஞ்சம் கேக்குமாம். ரோட்ல அத நம்பாதன்னு சொல்ட்டாங்க."

"அன்னிக்கி மாப்ள வேணாம்னு கிச்சன்லேர்ந்து சொன்னேனே?"

"சொன்னியா?" அவர் கை நின்றது. "உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு இருந்திச்சு. சரி, படிச்ச பொண்ணு, நம்மகிட்ட இன்னாத்துக்குச் சொல்லணும்னு வுட்டுட்டேன்."

அவள் பின்சீட்டைக் கையால் காட்டினாள்.

"ப்பா, பின்னாடி மூணு பொண்ணுங்க குந்தினு வருதுங்க."

"தெரியும்மா. தெரிஞ்சேதான் ஓட்டினேன்." குரல் உடைந்தது. "நீ என்ஜி போட்ட வண்டி ரிப்பேருக்குப் போயி திரும்பி வந்துடும். என்னை எங்க அனுப்புவ?"

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "சிவசங்கர்கிட்ட நீயே சொல்லிடு. போன்ல அவன் பேசறது எனக்குப் புரியாது."

சிவசங்கர் உடனே எடுத்தார். நாளையிலிருந்து அப்பா வரமாட்டார் என்று சொன்னாள்.

"ஏம்மா? வண்டி சத்தம் போடுதுன்னு பொண்ணுங்க சொல்லிச்சு. அதுக்கா? சரி பண்ணிக்கலாமே."

"பண்ணியாச்சு சார். வண்டி இப்ப நல்லா கீது."

"அப்புறம் இன்னா?"

அறிவுமதி அப்பாவைப் பார்த்தாள். அவர் கண் இமைக்காமல் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. சிவசங்கர் இரண்டு தரம் ஹலோ சொன்னார்.

"அப்பாவுக்குக் காது கேக்கல சார்" என்றாள்.

தாவீது ஸ்டியரிங்கின் மேல் வைத்திருந்த இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.