ஊதுபத்தியோடு வந்த ஆய்வாளர்

அந்த அம்மையாரின் கைப்பையில் எப்போதும் ஒரு ஊதுபத்திக் கட்டு இருக்கும். கேஸ் ஏஜென்சியின் ஆய்வாளர் அவர். குளிக்க வெந்நீர் போடும் கேஸ் கீசர் மாட்டிய வீடுகளுக்கு ஸ்கூட்டரில் வந்து, முதலில் குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பார். பிறகு கீசரை ஓடவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்திப் பிடிப்பார். புகை வெளியே போனால்தான் கையெழுத்து. யார் சிபாரிசுக்கும் அது மாறாது.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, பனியன் கம்பெனி வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலம். பல்லடம் பக்கம் அருள்புரத்தில் வரிசையாகச் சில வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். பொதுக் குளியலறையில் கீசர் வைத்ததில் எனக்கு ஏகப் பெருமை. மார்கழிக் குளிர் நுழையாதபடி, உயரத்தில் இருந்த காற்றுத் துளையைப் பனியன் வேஸ்ட் துணியால் அடைத்தேன். எங்கள் ஊரில் எந்த ஓட்டையையும் அடைப்பது அந்தத் துணிதான்.

ஆய்வாளர் வந்தபோது புகை எங்கள் தலைக்கு மேலேயே சுற்றியது.

"ஏனுங்க சார், இந்தப் புகைக்கே வழியில்லீங்களே. கீசர் விடற விஷக்காத்து எங்கீங்க போகும்? அதுக்கு வாசமும் கிடையாதுங்க."

"கேஸுக்குப் பூசை முடிஞ்சுதுங்களா?" என்றேன்.

"முடிஞ்சுதுங்க. கையெழுத்துப் பிரசாதம்தான் கிடையாது."

துணியைப் பிடுங்கிப் போட்டார். கேஸ் குழாயைக் கழற்றினார். கீசரை வெளிச்சுவருக்கு மாற்றச் சொன்னார். கிளம்பும்போது, குடியிருந்த தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "கண்ணு, சார் எப்படியும் இதைத் திரும்ப மாட்டிருவாரு. நீ பாடிக்கிட்டே குளி. பாட்டு நின்னா உங்கம்மா கதவைத் தட்டட்டும்."

அவர் கணித்தது தப்பவில்லை. புது டைல்ஸை உடைக்க மனம் வராமல் குழாயை மாட்டினேன். துணியையும் நானே திரும்ப அடைத்தேன்.

ஒரு காலை, தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கோயில் பாட்டு ஒன்றைப் பாடியபடி குளித்தாள். பாட்டு பாதியில் நின்றது. "ஏட்டி! ஏட்டி!" என்று கதறியபடி அவள் அம்மா கதவை உதைத்துத் திறந்து, மகளை வெளியே இழுத்துப் போட்டாள். காற்றுப் பட்டபின் அவளுக்கு மூச்சு சீரானது. ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்துத் திரும்பினாள்.

செய்தி கேட்டு ஆய்வாளர் ஓடிவந்தார். "துணியை அடைச்சது யாருங்க?"

நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். அந்தத் தாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாந்தான் மேடம், குளுருக்கு வச்சேன்" என்றாள். எல்லோர் முன்னிலையிலும் அவளுக்குத் திட்டு விழுந்தது. நான் நல்லவன்போல நின்று, கொத்தனாரை வரவழைத்தேன். கீசர் வெளிச்சுவருக்குப் போய், காற்றுத் துளை பெரிதாகி, புகை நேராக வெளியேறுவதைப் பார்த்த பிறகே அவர் கையெழுத்திட்டார்.

சென்ற ஆண்டு பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு அந்தத் துணிய அடைச்சது நாந்தானுங்க."

"தெரியுமுங்க சார். அந்தம்மாவுக்கு அந்த உசரம் எட்டாது."

"அப்புறம் ஏனுங்க அவங்களைத் திட்டினீங்க?"

"உங்களைத் திட்டியிருந்தா சுவத்தை உடைக்க விட்டிருப்பீங்களா? அவங்களை ஊட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.