சோலைமுத்து போட்ட புது பிரேக் லைன்

என் அண்ணன் சோலைமுத்துவின் வண்டி ஏறும்போது மட்டும்தான் சத்தம் போடும். பெருமாள்மலையைத் தாண்டி எங்கள் பேத்துப்பாறைக்கு இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிடுவான். கியரையும் விடுவித்துவிடுவான். பிறகு வீட்டு வாசல் வரைக்கும் வண்டி தானாக உருண்டு வரும். அவன் வந்து நின்றது படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியாது.

இது அவன் ஒருவனுடைய பழக்கம் இல்லை. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் பலரும் இப்படித்தான் இறங்குகிறார்கள். அண்ணன் இதைக் கற்றது லாரியில். பள்ளிக்கூடத்தை விட்டதும் கவுஞ்சியிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிவரும் லாரியில் கிளீனராகப் போனான். "எறக்கத்துல டீசல் எரிக்கிறவன் டிரைவரே இல்லலே" என்று அந்த டிரைவர் சொல்வாராம். அதிகம் பேசாத அண்ணன் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன கதை அது ஒன்றுதான். லாரியை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய பைக் ஒன்றை வாங்கினான். அந்த டிரைவரின் பேச்சு மட்டும் அவனோடு இருந்தது.

அண்ணன் மனைவி, என் மதினி பெருமாயி, கவுஞ்சிக்காரி. லாரிக்கு மூட்டை கட்ட வந்தவளைப் பார்த்து, பிடித்துப்போய், பெரியவர்களைக் கூட்டிப் போய்ப் பேசி முடித்த கல்யாணம். எங்கள் வீட்டில் அவள் வந்த பிறகுதான் பேச்சே இருந்தது என்று சொல்லலாம்.

போன வைகாசியில் அவளுக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இருவரும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பேத்துப்பாறை இறக்கத்தின் பாதியில் பிரேக் லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. பிடிக்கப் பிடிக்க ஒன்றும் இல்லை. பின் பிரேக்கும் சூடேறி வழுக்கியது. பள்ளத்துக்குப் போகாமல் அண்ணன் வண்டியை மலைப்பக்கம் திருப்பி மண்சுவரில் மோதினான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மதினிக்கு வெளியே ஒரு காயமும் இல்லை. குழந்தைதான் தங்கவில்லை.

உடம்பு தேறட்டும் என்று கவுஞ்சியில் தன் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. நான் போனில் கேட்டால் ஒரே பதில்: "அந்த வண்டியில இனி நான் ஏற மாட்டேன் மதி."

இதை நான் அண்ணனிடம் சொன்னேன். அவன் காதில் 'வண்டி' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது என்று இப்போது தோன்றுகிறது. மறுநாளே ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். ரப்பர் குழாய்க்குப் பதிலாக ஸ்டீல் கம்பி பின்னிய பிரேக் ஹோஸ். "இதை வரவழைச்சுக் குடு. வண்டி சரியாயிட்டா அவ வந்துருவா." அவன் முகத்தைப் பார்த்த பிறகு அன்றைக்கே ஆர்டர் போட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கே பார்சல் வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள். படித்துச் சொல்லச் சொன்னான். பழைய ஆயிலை ஊற்றாதே, இணைப்பில் கசிவு பார், ஓட்டும் முன் சோதித்துப் பார். எல்லாம் சொன்னேன். இன்ஜினை அணைத்துவிட்டு மலை இறங்காதே என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

நாயுடுபுரத்தில் சிவமுருகனின் ஒர்க் ஷாப்பில் வேலை நடந்தது. கழற்றிய பழைய ஹோஸை அவர் வளைத்துக் காட்டினார். வளைந்த இடமெல்லாம் வெடிப்பு.

"இது ஹோஸ் இல்லண்ணே, பலூன். நீங்க லீவரைப் பிடிக்கிற பிடிக்கு இதுதான் உப்பியிருக்கு. கீழ சக்கரத்துக்கு ஒண்ணும் போயிருக்காது."

அண்ணன் அந்த வெடிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இதாலதான்."

"இதாலயும்தான்." சிவமுருகன் கையைத் துடைத்துக்கொண்டார். "எறக்கத்துல ஆஃப் பண்ணிட்டு வருவீங்களோ?"

"யாரு வரல?"

"அதுஞ் சரி. நானே அப்படித்தான் வாரேன்." சிரித்தார். "ஆனா எறக்கம் பூரா பிரேக்கையே பிடிச்சா ஆயில் கொதிச்சுரும்ணே. ஸ்டீல் போட்டாலும் கொதிக்கிறது கொதிக்கத்தான் செய்யும். கியர்ல வாங்க. பாதிப் பாரத்தை இன்ஜின் பிடிச்சுக்கிரும்."

"ம்" என்றான் அண்ணன். அவன் கண் புது ஹோஸின் மேல் இருந்தது.

புதுச் செம்பு வாஷர் வைத்து ஹோஸை மாட்டி, புது ஆயில் ஊற்றி, குழாய்க்குள் இருந்த காற்றை எடுத்தார்கள். அண்ணன் மேலே லீவரைப் பிடிக்க, சிவமுருகன் கீழே உட்கார்ந்து ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட, ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வந்தது. குமிழ் நின்ற பிறகும் அண்ணன் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான்.

"போதும்ணே. இனிமே காத்து உங்க மூக்குலதான் இருக்கு."

அண்ணன் சிரித்தான். வைகாசிக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மனத்தாங்கலில் தாய்வீட்டில் இருப்பவளை ஆண்பிள்ளை மட்டும் தனியாகப் போய்க் கூப்பிட்டால் மரியாதை இல்லை என்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி பூவும் பழமும் கொண்டு போக வேண்டும். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே நான் கவுஞ்சி பஸ்ஸில் போனேன். அண்ணன் பைக்கில் வந்தான். திரும்பும்போது மதினி அவனோடு வர வேண்டும், நான் பின்னால் பஸ்ஸில் வர வேண்டும் என்பது அவன் கணக்கு.

மதினியின் அம்மா சோலையம்மாள் காப்பி கொடுத்தார். கொடுத்துவிட்டு, "மாப்ளைக்கு வண்டியப் பாக்கவே நேரம் சரியாப் போச்சு போல. எங்க புள்ளயப் பாக்க இப்பத்தான் சோலி ஒழிஞ்சிருக்கு" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்து மதினியை வாசலுக்குக் கூப்பிட்டான். "பிடிச்சுப் பாரு."

பூண்டு உரித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் லீவரைப் பிடித்தாள். கொஞ்சம்தான் உள்ளே போனது. பிறகு நின்றுவிட்டது. பின்னலிட்ட ஸ்டீல் குழாயை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். நான் கொண்டுபோன பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். சோலையம்மாள் ஒரு பை நிறையப் பூண்டைத் திணித்து, "வெரசாக் கெளம்புங்க, மூடுபனி எறங்கிரும்" என்றார். வண்டி சத்தமாக மேடேறிப் போனது. அந்தச் சத்தம் மறையும் வரை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மன்னவனூர் தாண்டி மேடேறியபின் பூம்பாறைப் பக்கம் இறக்கம் வருகிறது. என் பஸ் அந்த இறக்கத்தில் திரும்பியபோது சாலையோரம் அண்ணனின் பைக் நின்றது. அவன் இந்தப் பக்கம். மதினி சாலைக்கு எதிர்ப்பக்கம், கையில் பையோடு, கவுஞ்சிக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நிற்பவளைப் போல.

நான் பதறி எழுந்தேன். "உங்க ஆளுங்களாம்மா? வண்டி மக்கர் பண்ணிருச்சு போல" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் இறங்கிக்கொண்டேன்.

"என்ன மதினி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பிரேக் நல்லாப் பிடிச்சுச்சு. நிறுத்துங்கன்னேன், நின்னுருச்சு."

"எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா" என்றான் அண்ணன்.

மதினி என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "மேடு ஏறுற வரைக்கும் சத்தம் கேட்டுச்சு மதி. எறக்கம் வந்ததும் நின்னுபோச்சு. டயர் ஓடுற சத்தம் மட்டும். அன்னைக்கு மாதிரியே."

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. "பழக்கத்துல திருகிட்டேன் புள்ள. அதான் புது லைன் கெடக்குல்ல. கல்லு மாதிரி நிக்குது. நீதான பிடிச்சுப் பாத்த?"

"அன்னைக்கும் சொன்னேன்ங்க. இன்ஜினைப் போடுங்க, பயமா இருக்குன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணன் விழித்தான். அவன் நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

"'சும்மா உருளுற வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல்'னீங்க."

அவன் வேகமாகப் போய் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தான். "இந்தா, போட்டுட்டேன். இனி அணைக்க மாட்டேன். ஏறு."

"இப்ப நிக்கிறோம்ல" என்றாள் அவள். "நிக்கிறப்ப ஓடி என்னங்க செய்ய?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் பேசியிருப்பேன். மூடுபனி இறங்கி எதிர்ப்பக்க மரங்களை மறைத்தது. வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மேடேறிக் கவுஞ்சிக்குப் போகும் பஸ் வந்தபோது மதினி பூண்டுப் பையை என்னிடம் கொடுத்தாள். "வீட்டுக்கு ஆகும், வச்சுக்க. வண்டி நல்லாத்தான் இருக்குங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தும் அவள் உள்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

நான் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பூம்பாறை இறக்கம் முழுவதும் கியரிலேயே இறங்கினான். கொடைக்கானலைக் கடந்து பெருமாள்மலை வரைக்கும் அப்படித்தான். இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. இரண்டு முறை அவன் முதுகு குலுங்கியது. அவள் இதைப் பார்க்க வேண்டும், இந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாளைக்குப் போன் செய்து சொல்லலாம் என்றும் நினைத்தேன்.

பெருமாள்மலை தாண்டி எங்கள் ஊர் இறக்கம் வந்தது. அவன் வலது கை சாவிக்குப் போய்த் திரும்பி வந்தது. சத்தம் நின்றது. கை போனதும் வந்ததும் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் எதையோ நினைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தான். டயர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மண்சுவர் வந்தது, போனது.

நான் போன் செய்யவில்லை. அவளும் வரவில்லை. கவுஞ்சியில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிறாள் என்று கேள்வி.

அன்றைக்கு வாசலில் அண்ணன் லீவரைப் பிடித்ததும் வண்டி பிடித்த இடத்தில் நின்றது. பிரேக் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நாய் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.