பேனருக்கு முன்னால்

நகராண்மைக் கழகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் திட்டம், அடுக்குமாடிப் பையன்களுக்கான ஃபுட்சால், அதாவது ஐவர் கால்பந்து, பயிற்சி. சாயங்காலத்தில் சும்மா சுற்றுகிறவர்களைப் பந்தின் பக்கம் இழுத்துவிட்டால் அடிதடி, திருட்டு என்று போகமாட்டார்கள் என்பது யோசனை. திடல், பயிற்சியாளர், தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன். ஓடப் பிடித்திருந்தது. பையன்களும் கடைசிவரை வந்தார்கள்.

முடிவு நாளில் குழுப்படம். பேனருக்கு முன்னால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கி நிற்கவேண்டும். அந்தப் படம் அறிக்கையோடு போனால்தான் அடுத்த சுற்றுக்கு ஒப்புதல் வரும். கழகத்தின் இணையப் பக்கத்திலும் ஏறும். பேனரில் மலாய் மொழியில் முழ உயர எழுத்து: இளையோர் குற்றத் தடுப்புத் திட்டம்.

"ஜெயில்ல எடுக்கிற போட்டோ மாதிரி இருக்கு லா," என்றான் ஒருவன். "நம்பர் பலகை எங்கண்ணே?"

எல்லாரும் சிரித்தோம்.

கோல்கீப்பரின் அம்மா அப்போதுதான் பத்து பாகாட் ஊரிலுள்ள துணித் தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு வந்து இறங்கினார். நின்று பேனரைப் படித்தார்.

"தம்பி, என் மகன் என்ன குத்தம் பண்ணான்?"

"ஒன்னும் பண்ணலங்க. திட்டத்துக்குப் பேரு அது."

"பேரு உங்களுது. மூஞ்சி அவனுது. சிங்கப்பூர்ல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான், அடுத்த வாரம் கூப்பிட்டிருக்காங்க. அங்க யாராச்சும் இந்தப் படத்தப் பாத்தா?"

என் மேலதிகாரியிடம் ஓடினேன். மலாய்க்காரப் பெண்மணி, மேலிடத்தில் சண்டை போட்டுத் திடலை வாங்கித் தந்தவர். பேனரை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன். திட்டத்தின் பெயர் தெரியாத படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். முகங்களை மறைத்துப் போட்டால்?

"அப்போது நிஜமாகவே குற்றவாளிகள் போல் ஆகிவிடுவார்கள்," என்றார் மெதுவாக.

கோல்கீப்பர் வரிசையைவிட்டு வெளியே வந்தான். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவன் அவன் பின்னால் வந்தான். பிறகு எல்லாரும். பேனருக்கு முன்னால் மேலதிகாரி, பயிற்சியாளர், நான். அப்படியே படம் எடுத்தோம். யாருடைய கட்டைவிரலும் எழவில்லை.

பேனரைச் சுருட்டியபோது மறுமுனையைக் கோல்கீப்பர்தான் பிடித்தான்.

"அடுத்த வாரம் பந்து இருக்காண்ணே?"

"உனக்கு இன்டர்வியூ இருக்கேடா."

"எனக்குக் கேக்கல. இவனுங்களுக்கு."

இவனுங்கள் மறுபடி பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். திடலின் விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டியவன் நான். கொஞ்ச நேரம் சொல்லவில்லை.