சாத்துக்குடியோடு வந்த மேனேஜர்

"நோய் காரணமாக ஊழியரை விடுவிக்கும் முன், ஆய்வுக்கூடத்தின் இறுதி அறிக்கை கோப்பில் இணைக்கப்பட வேண்டும்." எங்கள் தொழிற்சாலையின் இந்த விதியைத் தட்டச்சு செய்தவனே நான்தான். ஊழியர் பிரிவில் தலைமை எழுத்தர்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஒரு மாதம் வயிற்றுப்போக்கு, பிறகு ரத்தம். பெங்களூரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலில் புண்ணோடு கட்டி என்றார். "பார்த்தா கேன்சர் மாதிரி இருக்கு. சதை எடுத்து அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் எதையும் முடிவு பண்ணாதீங்க."

மத்திகிரியில் இருந்த என் வீட்டுக்கு மேனேஜர் சாத்துக்குடியோடு வந்தார். டாக்டர் சொன்னதை என் மனைவி முழுதாகச் சொன்னாள். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே என்னை விடுவித்து ஆணை வந்தது. என் நாற்காலியில் அவர் மச்சினன்.

ஆணைக்குப் பின்னால் அறிக்கை வந்தது. கேன்சர் இல்லை, வைரஸ். குடலைப் புண்ணாக்கி, வீங்கவைத்து, கட்டியைப் போலவே காட்டுமாம். இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றியது. அறிக்கையோடு மூக்கண்டப்பள்ளியில் இருந்த தொழிற்சாலைக்கு பஸ் ஏறினேன்.

"அட, எழுந்து வந்துட்டீங்களா?" என்றார் மேனேஜர். குரலில் ஏமாற்றம். "பேரை அடிச்சாச்சே சார். வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

எனக்கு இன்னும் ஐந்து வருட சர்வீஸ் இருந்தது. அவருக்கு எட்டு மாதம். சீனியாரிட்டி பட்டியலை எழுதியவன் நான், அவர் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் விசாரணை கிடையாது.

திங்கள்தோறும் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒரே கேள்வி: என்னை விடுவித்த அன்று அறிக்கை கோப்பில் இருந்ததா?

"திங்கக்கிழமைன்னா எனக்கு நீங்கதான் சார் காலண்டர்" என்றார் தபால் நிலைய எழுத்தர்.

"உயிர் மிஞ்சுச்சே, போதாதா? ஆளை விட்டுத் தொலைங்க" என்றாள் மனைவி.

"போதாது."

மேனேஜரின் கடைசி வேலை நாளன்று பதில் வந்தபோது மணி பதினொன்று. என்னை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும். விசாரணை முடியும்வரை மேனேஜரின் ஓய்வு நிறுத்திவைக்கப்படுகிறது. உடனே பஸ் பிடித்தேன். கேன்டீனில் அவருக்குப் பிரிவுபசார விழா. கழுத்தில் ரோஜா மாலை, பக்கத்தில் மச்சினன், கையில் கேக் வெட்டும் கத்தி. கடிதத்தை நீட்டினேன். படித்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாமே சார்..."

"தாராளமா. நாளைக்கும் நீங்க இங்கதானே இருப்பீங்க. இப்ப நகல்ல ஒரு கையெழுத்து. கீழே தேதி போடுங்க, விதி அப்படி."

மாலை இடித்ததால் குனிய முடியாமல் குனிந்து, போட்டார்: மார்ச் 31.