வல்லை வெளியில் நிற்கும் கார்

போகும்போது மட்டும்தான் அது நின்றது. வரும்போது ஒருநாளும் நிற்கவில்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

கிழமையில் மூன்று காலைகள், கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு என் மனைவியைக் கொண்டுபோவேன். அவளுடைய சிறுநீரகங்கள் ஓய்ந்துவிட்டன. இரத்தத்தை இயந்திரம் கழுவித் தருகிறது. ஏழு மணிக்கு அவளுக்கென்று ஒரு கட்டில். பிந்திப் போனால் பிந்திய நேரம் கழுவும் நேரத்தில் குறைந்துவிடும். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். எடுபடாத தண்ணீர் உடம்பிலேயே தங்கும். முதலில் காலில், பிறகு முகத்தில், கடைசியில் நெஞ்சில்.

ஓட்டோவின் குலுக்கலில் அவளுக்கு வாந்தி வரும். அதனால்தான் அந்தப் பழைய டீசல் காரை வாங்கினேன். எனக்கு முன் மூன்று பேரிடம் ஓடிய கார். பின் சீட்டில் அவள் கால் நீட்டிப் படுக்கலாம். ஒரு வருடம் நல்ல பிள்ளையாக ஓடியது. பிறகு வல்லை வெளியில் நிற்கத் தொடங்கியது.

வல்லை வெளியில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. இரண்டு பக்கமும் உவர்நிலம், ஈயம் உருக்கி ஊற்றியது போல் கிடக்கும் தண்ணீர், எந்த நேரமும் காற்று. பாலம் தாண்டியதும் கார் ஒருமுறை உதறும். ஆக்சிலேற்றரை அழுத்துவேன், அழுத்த அழுத்தச் சோரும். எஞ்சின் இழுக்கும், இழுக்கும், அடங்கிவிடும். பிறகு காற்றின் சத்தம் மட்டும். நாலைந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாதது போல் உறுமி எழும்பும். சில காலைகளில் முதல் திருப்பலிலேயே எழும்பாது. இருபது நிமிடம், அரை மணி நேரம் போய்விடும்.

நெல்லியடியில் ஒருவர் டீசல் பில்டரை மாற்றினார். நிற்பது நிற்கவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றித் துப்புரவாக்கினார். பம்பைப் பிரித்துப் பூட்டினார். குழாய்களைப் புதிதாகப் போட்டார். அவர் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம், டாக்குத்தரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட நோயாளி போல அது ஒழுங்காக ஓடியது. சந்தையைச் சுற்றி ஓடும். கோயில் வீதியில் ஓடும். அடுத்த காலை வல்லை வெளியில் நிற்கும்.

“முனியப்பருக்கு நிப்பாட்டாமல் போறியள், அதுதான்,” என்றாள் அவள் பின் சீட்டிலிருந்து.

வல்லை வெளியில் இருக்கும் முனியப்பர் கோயிலில் வாகனக்காரர் எல்லோரும் நிறுத்துவார்கள். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, பிறகுதான் வெளியைக் கடப்பார்கள். நானும் முன்பு நிறுத்தியவன்தான். ஏழு மணி என்ற கத்தி கழுத்துக்கு வந்தபிறகு, நிறுத்துவதை விட்டிருந்தேன்.

“ஐஞ்சு நிமிசம் போகுமெல்லோ அப்பா.”

“நிண்டால் அரை மணித்தியாலம் போகுது. எது பெரிசு?”

அடுத்த காலை நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து, தேங்காய் உடைத்து, திருநீற்றை அவளுடைய வீங்கிய நெற்றியில் பூசி, ஏறிப் போனோம். கார் நிற்கவில்லை. அதற்கடுத்த முறையும் நிறுத்தினோம்; நிற்கவில்லை. ஒருநாள் மழை, நிறுத்தாமல் போனேன். பாலம் தாண்டியதும் அது உதறியது. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கும்பிடாதவனைத் தண்டிக்கட்டும், கட்டிலுக்குப் போகிறவளை ஏன் என்று வெறும் வெளியைப் பார்த்துக் கேட்டேன்.

வல்வெட்டித்துறையில் மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சின் திருத்தும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரிடம் போனேன். என்னைவிட நாலைந்து வயது இளமை. காரின் பொனற்றை அவர் திறக்கவே இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு என்னையே விசாரித்தார்.

“என்னென்ன மாத்தினவையள்?”

சொன்னேன்.

“எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள். ஓனரைத்தான் மாத்தேல்லை.” சிரித்தார். “நிண்டால் எவ்வளவு நேரத்தாலை ஸ்டார்ட் வருது?”

“நாலைஞ்சு நிமிசம்.”

“திரும்பி வரேக்கை ஏன் நிக்கிறேல்லை?”

“அதுதானே தம்பி, எனக்கும் விளங்கேல்லை.”

“வரேக்கை என்ன வேகம்?”

யோசித்தேன். கழுவி முடிந்த உடம்பு துவண்டு கிடக்கும். குழிக்குக் குழி பார்த்து, சைக்கிள்காரன் முந்திப்போகும் வேகத்தில்தான் வருவேன். போகும்போதோ, வெளி வந்ததும் மிதிப்பேன். தெருவில் மிதிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

முனியப்பர் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அங்கை எஞ்சினை நிப்பாட்டித்தானே கும்பிடுறனீங்கள்?”

“ஓம்.”

“அப்ப முனியப்பர் வழி காட்டிப்போட்டார் அண்ணை. டீசல் டாங்கிக்குள்ளை ஏதோ கிடந்து குழாயின்ரை வாயிலை போய் ஒட்டுது. மிதிச்சால் நல்லா இழுத்து ஒட்டும். நிப்பாட்டினால் விட்டுட்டுப் போயிடும். கடலிலை எங்களுக்கு உது பழகின வருத்தம்.”

ஒரு கான் டீசலை முன் சீட்டின் காலடியில் வைத்தார். அதிலிருந்து ஒரு குழாயை நேரே எஞ்சினுக்குக் கொடுத்து, டாங்கியைத் துண்டித்துவிட்டார். கடலில் நின்றுபோன போட்டை இப்படித்தான் கரைக்குக் கொண்டுவருவார்களாம். “இப்ப மிதியுங்கோ,” என்றார். வெளியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கோயிலில் நிறுத்தாமல், மூன்று முறை மிதித்தேன். கார் உதறவே இல்லை.

திரும்பி வந்து டாங்கியை இறக்கினார். கையை விட்டுத் துழாவி, ஒரு துண்டு ரோஸ் நிறப் பிளாஸ்ரிக் சொப்பிங் பாக்கை வெளியே எடுத்தார். டீசலில் ஊறி, தோல் போல் மெதுத்திருந்தது. நடுவில் ஏதோ ஒரு மூடியின் வட்டம் பதிந்திருந்தது.

“கானிலை இருந்து விட்டனீங்களோ?”

விட்டேன். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கான் டீசல் இருக்கும். யுத்தகால எரிபொருள் தடையும் பார்த்து, பிறகு வந்த வரிசைகளிலும் நின்ற வீடு. வரிசை ஒழிந்தாலும் கான் ஒழியாது. மூடி கசியும் என்று, சொப்பிங் பாக்கை வெட்டி வாயில் வைத்து, அதன்மேல் மூடியைத் திருகுவோம். ஊரில் எல்லோரும் செய்கிற வேலை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, டீசல் முள் கீழே கிடந்தது. அவள் காருக்குள் ஏறிவிட்டாள். அவசரத்தில் மூடியைத் திருகிக் கழற்றினேன், புனலை வைத்தேன், கவிழ்த்தேன். மூடியோடு துண்டு வந்ததா என்று பார்க்கவில்லை.

“எல்லாரும்தானே அண்ணை,” என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

அடுத்த காலை வெளியை ஒரே மூச்சில் கடந்தோம். கோயில் வந்தபோது அவள் படுத்தபடியே கைகூப்பினாள். பாலம் வந்தது, போனது. எஞ்சின் ஒரே சுதியில் ஓடியது. மூன்று மாதமாக எஞ்சினிலேயே கிடந்த என் காது அன்றுதான் சும்மா இருந்தது. அப்போதுதான் கேட்டது. பின் சீட்டில், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும், ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம்.

“என்னப்பா, மூச்சு இப்பிடி?”

“கன நாளா உப்பிடித்தான்.”

“எப்ப தொட்டு?”

“கார் நிக்கத் துவங்கினதிலை இருந்து. நீங்கள் காரைத்தானே கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்.”

பிந்திய காலைகள் எல்லாம் என் முன்னால் வரிசையாக வந்து நின்றன. குறைந்த இருபது நிமிடங்கள், குறைந்த அரை மணி நேரங்கள். எடுபடாத தண்ணீர். காரில் தேடிக்கொண்டிருந்த பழுது, இதற்குள் அவளுடைய நெஞ்சில் இறங்கிவிட்டிருந்தது.

மிதித்தேன். கார் சொன்னபடி கேட்டது. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். கட்டில் இன்னும் ஆயத்தமாகவில்லை, வெளியே இருங்கோ என்றார்கள். சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தோம். அவள் இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். உள்ளே இயந்திரம் ஒன்றைத் தொடக்கும் சத்தம் கேட்டது. அது எழும்புகிறதா என்று நான் மூச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.