சாவி போட்டதும் எரிய வேண்டிய விளக்கு

போன வாரம் திண்டிவனம் பைபாஸில் டீ குடித்துவிட்டு வந்து காருக்குச் சாவி போட்டேன். முகப்பில் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்தன. அவற்றில் எண்ணெய்க் கிண்ணி மாதிரி இருக்கும், இன்ஜினுக்கு ஆயில் ஏறாவிட்டால் எச்சரிக்கும் சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவேன். என் மனைவிக்கு இது பழகிப்போன எரிச்சல்.

"எரியலன்னாதான நல்லது? எரியுதா எரியுதான்னு எதுக்கு பாத்துக்கினு இருக்கீங்க?"

அவளுக்குப் பாதிக் கதை தெரியும். முழுவதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருகிய ஆயில் வாசனைதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. விழுப்புரத்தில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அதே வாசனை. அங்கே யாரும் பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். வண்டியிலிருந்து கழற்றியதைத் தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "இதே மாரி ஒன்னு" என்பார்கள். எந்தத் தாளைப் பிரித்தாலும் எனக்குப் பெயர் தெரியும். எனக்குத் தெரியாத பாகமே உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு வேறு. சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத காலம் அது.

செல்வி அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா அங்கே ஸ்டாண்டில் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினார். அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வாராவாரம் டயாலிசிஸ். வந்துபோவதெல்லாம் அந்த அம்பாசிடரில்தான். போகும்போது என் கடை வாசலில் நிறுத்தி, முன்சீட்டில் உட்கார்ந்தபடியே அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, பையோடு நீட்டுவாள். அவளுக்கு மல்லாட்டை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பையில் உரித்த தோலும் கொஞ்சம் கிடக்கும். கேட்டால், "நாலு துன்னா செத்தா பூடுவேன்?" என்று சிரிப்பாள்.

ஒருநாள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமா கையில் தினத்தாள் பொட்டலம். பிரித்தால் ஆயில் பம்ப், உள்ளே பல்சக்கரமெல்லாம் தேய்ந்து கிடந்தது. இன்ஜின் கடகடவென்று சத்தம் போடுகிறது, பம்ப்தான் காரணமாக இருக்கும் என்று மெக்கானிக் பாய் கழற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டூல் போட்டேன். உட்கார்ந்ததும் புடவையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"ஜல்தியா ஒன்னு குடு மச்சான். இவள இன்னொரு வாட்டி பஸ்ல இட்டுக்கினு வர முடியாது" என்றார் மாமா.

அந்த வண்டிக்கு ஒரிஜினல் பம்ப் வருவது அதற்குள் நின்றுபோயிருந்தது. கடையில் இரண்டுதான் இருந்தன. ஒன்று அட்டைப்பெட்டியில் பளபளவென்று புதுசு, யார் செய்தது என்றே தெரியாது. மற்றது உடைக்கப் போன வண்டியிலிருந்து எடுத்து வைத்த பழைய ஒரிஜினல். மாமா புதுசைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். "நல்லா டைட்டா இருக்குது" என்றார். எல்லா டிரைவர்களுக்கும் இறுக்கமாக இருந்தால்தான் திருப்தி. நான் தட்டில் ஆயில் ஊற்றி, இரண்டையும் ஒவ்வொன்றாக முக்கி, பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். புதுசு ஓரிடத்தில் சிக்கிச் சிக்கிச் சுற்றியது. பழையதில் ஆயில் ஏறிவந்து என் விரலை முட்டித் தள்ளியது.

"எது எங்கள நடுவழில உடாதோ அத குடுடா" என்றாள் அக்கா.

பழையதைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். பாய் பம்புக்குள் ஆயில் நிரப்பி மாட்டினார். அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாமா சாவி போட்டார், இன்ஜின் கிளம்பியது. "பாத்தியா, ரெட் லைட்டே எரியல" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறையாகப் பூரித்துப்போய் நின்றேன்.

அக்கா முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னெல்லாம் சாவி போட்டதும் செவப்பா ஒன்னு எரியுமே, அப்புறந்தான அணையும்? இப்ப எரியவே இல்லயே."

மாமா இன்ஜினை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அந்த விளக்கின் சின்ன பல்பை எடுத்துப் பாயிடம் கொடுத்தார். ஸ்டாண்டில் இது வழக்கம்தான். விளக்கு மினுக்கினால் சவாரிக்கு வந்தவர்கள் பயந்து இறங்கிவிடுவார்கள் என்று பல்பைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் மாமா சவாரிக்காகப் பிடுங்கவில்லை.

"அது எரியறப்பல்லாம் நீ கதவ கெட்டியா புடிச்சிக்கினு வந்த. பாக்க முடியல. அதான் புடுங்கிட்டேன்."

பாய் பல்பை மாட்டினார். சாவி போட்டதும் எரிந்தது, கிளம்பியதும் அணைந்தது. நான் மூச்சு விட்டேன். இன்ஜின் சூடேறியதும் மெல்ல மினுக்கி, பிறகு நின்று எரிய ஆரம்பித்தது.

"பம்பு மேல தப்பு இல்லீங்க. ஆயில் ஏறாமலே ஓட்டிக்கினு இருந்திருக்கீங்க, பேரிங்கெல்லாம் தேஞ்சி பூட்டுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் பாய்.

அக்கா மாமாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, மாமா பார்க்கும்படி புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். இரண்டு பாதங்களும் வீங்கிப் பளபளத்தன. செருப்பு வார் பதிந்த இடம் குழிந்திருந்தது.

"நானும்தான் உங்கிட்ட மறச்சிக்கினு இருந்தேன். நீ பயப்படுவன்னுட்டு. டாக்டர் கேட்டப்பகூட, நீ பக்கத்துல நிக்கிறியேன்னு, வீக்கம் இல்லன்னுட்டேன்."

மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி உடைக்கப் போனது, நான் விரல் வைத்துத் தேர்ந்தெடுத்த பம்போடு. அதற்குப் பிறகு அக்கா பஸ்ஸில்தான் போய்வந்தாள். அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. முன்னாடியே தெரிந்திருந்தால் என்று பாய் சொன்னது வண்டியைத்தான். எனக்கு அது இன்றுவரை வண்டியோடு நிற்கவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மாமாவும் போய்விட்டார். திண்டிவனம் ஸ்டாண்டில் ஒரு அம்பாசிடர்கூடக் கிடையாது. வாசலில் நிறுத்தி மல்லாட்டைப் பையை நீட்ட ஆளில்லை.

பைபாஸில் விளக்கு எரிந்தது, அணைந்தது. வண்டியைக் கிளப்பினேன். மனைவி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி திரும்பி, அவள் பாதங்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.