மூன்றாம் முறை திறந்த பக்கம்

2008ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கிய என்னைப் பொலிஸார் மறித்து, பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். அன்று நான் அறைக்குத் திரும்புவேன் என்ற நம்பிக்கை ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விட்டது. அங்கிருந்து பிள்ளையார் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை, நம்முடைய கூட்டுப் பிரார்த்தனைக்கு வரும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பாமன்கடையில் ஓர் அறையில் தங்கி இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் விளங்காததை நெட் கஃபேயில் தேடுவேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. விரிவுரை, பயிற்சி, விடை எல்லாமே இருந்தன. பெயர் பதியத் தேவையில்லை. ஒவ்வொரு சந்தியிலும் நீ யார் என்று கேட்கிற ஊரில், அந்தப் பக்கம் மட்டும் என்னைக் கேட்கவில்லை.

எதையும் ஒழுங்குபடுத்தி வைப்பது என் குணம். ஒரு தாளில் நாலு பக்கம் கொள்ளுமாறு சுருக்கி, ஓரத்தில் வருகிற இணைய முகவரியையும் தலைப்பையும் நீக்கிவிட்டுத்தான் பிரின்ட் எடுப்பேன். என்னோடு படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கஷ்டம். அவர்களுக்காகப் படங்களின் பக்கத்தில் தமிழில் விளக்கம் எழுதுவேன். அதுதான் நான் செய்த பிழை. பொலிஸாரின் கையில் இருந்தவை எங்கிருந்து வந்தவை என்றே தெரியாத மின்சுற்றுப் படங்கள். பக்கத்தில் தமிழ்க் கையெழுத்து. முதல் தாளில், குறித்த நேரம் கழித்து ஒரு விளக்கை எரியவைக்கும் சுற்று. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தாளைப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று எனக்கே தெரிந்தது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் என்னை விசாரித்தார். பாதி சிங்களம், பாதி தமிழ்.

“இது யார் தந்தது?”

“இன்டர்நெட்டில எடுத்தனான் மேடம். சும்மா கிடைக்கும்.”

“நிகங்?” என்றார். சிங்களத்தில் சும்மா என்று அர்த்தம்; நங்கி என்றால் தங்கச்சி. “நங்கி, நிகங் யாரும் பாடம் சொல்லிக் குடுக்கிறதில்ல. என் மகளுக்கு மட்டும் மூணு டியூஷன் மாஸ்டர். யார் தந்தது, சொல்லு.”

என்னைச் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருத்தினார்கள். மனதுக்குள் பட்டியல் போட்டேன். அடையாள அட்டை இருக்கிறது. இங்கே தங்குவதற்கான பொலிஸ் பதிவு இருக்கிறது. படிக்கும் இடத்தின் அட்டை இருக்கிறது. படங்களுக்குச் சாட்சி இல்லை. பட்டியல் அதோடு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு இதை யார், எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்தேன். “பிள்ளையாரே, இனி என்னால் ஏலாது. நீயே எனக்கு வாயாக இரு” என்று மட்டும் வேண்டினேன்.

உடனே எழுந்து நின்றேன். எனக்கு அவ்வளவு துணிவு கிடையாது.

“மேடம், காட்டுறன். நெட் கஃபேக்கு வாங்கோ.”

காலி வீதியில் இரண்டு பொலிஸாருக்கு நடுவே நடந்தேன். தெரிந்தவர்கள் என்னைப் பார்க்காமல் கடைப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

நெட் கஃபே நடத்துகிற முஸ்லிம் அண்ணரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியாது என்று சொன்னால் அவருக்கு ஒரு தொல்லையுமில்லை.

“தெரியும் மேடம்,” என்றார். “மூணாம் நம்பர் மெஷின். இந்தப் புள்ள குந்தினா எழும்பாது. நான் ஷட்டர இழுத்தாத்தான் போகும்.”

மூன்றாம் இலக்கக் கணினியில் தேடினேன். பக்கம் திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். வெள்ளைத் திரையில் ஒரு பிழைச் செய்தி மட்டும் வந்தது. பின்னால் நின்ற பொலிஸ்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். சப் இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு தரம். அவ்வளவுதான்.”

கண்ணை மூடினேன். நேர்த்தி வைக்கக்கூட நேரமில்லை. பிள்ளையாரின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு அழுத்தினேன்.

முதலில் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தது. பிறகு படம், மேலிருந்து கீழே, கீற்றுக் கீற்றாக. அவர் என் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மவுஸைத் தானே வாங்கி முதலாம் பாடத்துக்குப் போனார். இரண்டாம் பாடம். மூன்றாம் பாடம்.

“உண்மையாவே சல்லி கேக்கிறதில்லையா?”

“இல்ல மேடம்.”

“என் மகளும் பாக்கலாமா?”

“ஆரும் பாக்கலாம்.”

முகவரியை எழுதி வாங்கினார். தாள்களைத் திருப்பித் தந்தார். “போ நங்கி. ஒன்ன யாரும் கேட்டா காட்ட, எங்க எடுத்தேன்னு தாள்ல எழுதி வை.”

அவர்கள் போனதும் நானா கதிரையில் விழுந்தார். “அல்லாஹ்தான் காப்பாத்தின, புள்ள.”

“எங்கட பிள்ளையாரும்தான், நானா.”

“சரி, ரெண்டு பேரும் சேந்துதான் இன்டர்நெட் லைன் குடுத்திருக்காங்க. நம்ம கம்பெனி குடுக்காது.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தொழில்நுட்பம் படித்தவள் நான். பக்கம் ஏன் இரண்டு முறை திறக்கவில்லை, மூன்றாம் முறை ஏன் திறந்தது என்று விளக்கம் சொல்லத் தெரியும். ஆனால் எழுந்து நின்ற என் கால்களுக்கும், தெரியும் என்று சொன்ன நானாவின் வாய்க்கும் விளக்கம் எந்தப் பாடத்திலும் இல்லை.

அன்று அந்த வாங்கில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். என்னைவிட இளையவள். அவளுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நல்லவள் என்பதால் காப்பாற்றப்பட்டேன் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். என் நன்றியோடு அவளுடைய முகமும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு வெள்ளியும் முதல் விளக்கு அவளுக்கு.

முன்பு என் பரீட்சைக்காக மட்டும் படித்தேன். இப்போது சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளை அதே நெட் கஃபேக்குக் கூட்டிப்போய், எந்தப் பாடம் எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று காட்டிக்கொடுக்கிறேன். கேட்காமல் கிடைத்ததை நான் எப்படிப் பூட்டி வைப்பது?

உங்களில் யாராவது இன்று அப்படியொரு வாங்கில் இருக்கலாம். சொல்ல வேண்டிய சொற்கள் முடிந்துவிட்டன என்று நினைக்கலாம். பெயரை மட்டும் சொல்லுங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள்.